மாஞ்சோலையில் மழை பெய்யாத மாதம்: ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் பழுதுபார்த்த பதிவு

பாளையங்கோட்டையில் மழையளவைக் குறித்துவைக்கும் சிறு நண்பர் குழு ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழைக்குப் பிறகு, தாமிரபரணிப் பக்கத்து ஊர்களின் அன்றாட மழையளவை ஊர்வாரியாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று தொடங்கியவர்கள் அவர்கள். சிலர் வீட்டு மாடியில் மழைமானி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு நாளிதழில் வரும் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். காலை 8.30 மணிவரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழையை மில்லிமீட்டரில், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு, சிறு உரைக்கோப்பில் இடுவது வழக்கம். ஊருக்கு ஒரு கோப்புறை, நாளுக்கு ஒரு கோப்பு. இவற்றைத் திரட்டி மாதப் பட்டியலாக்கி, வேறோர் ஊரிலுள்ள சர்வருக்கு அனுப்பும் பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கணினியில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற ஷெல் நிரலுக்கான கட்டளைத் தொகுப்பு) ஒன்றை முன்பு ஒருவர் எழுதிக்கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அதைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

குழுவின் கணக்கைப் பார்ப்பவர், அண்ணாச்சி என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையால் எழுதிய மழை நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது. "மாஞ்சோலைல மழையே இல்லன்னு போட்டிருக்கு தம்பி. இத வெளிய காட்டுனா சிரிப்பாவ" என்றார். மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகியவைதாம் மாவட்டத்தின் மழைப் பட்டியலில் பெரும்பாலும் முதலிடங்களைப் பிடிப்பவை. அங்கே ஒரு மாதம் முழுவதும் சுழியம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணாச்சியிடம் வேறு புகார்களும் இருந்தன. பட்டியலின் அடியில் வரும் மொத்தம் எப்போதும் 0. கடைசி ஊரான ஊத்து பட்டியலிலேயே வருவதில்லை. சர்வருக்கு முதல் ஊரின் கோப்பு மட்டும் போகிறது. சாரல் மாதங்களில் ஊர்க்கணக்கு நோட்டுக் கணக்கைவிடக் குறைகிறது. சில நாட்களில் கணினியின் மின்விசிறி காரணமில்லாமல் இரைகிறது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பாஷ் ஷெல்லில் மாறியின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும் என்பதால், கீழே "ஊர்" என்று வருமிடங்களில் அத்தகைய ஒரு பெயரை வைத்துக்கொள்ளவும்.

ஸ்கிரிப்டைத் திறப்பதற்கு முன், குறித்த நேரத்தில் அதைத் தானாக ஓட்டும் கிரான் என்ற ஏற்பாட்டின் அட்டவணையைப் பார்த்தேன். கட்டளை வரியின் கடைசியில் பிழைச்செய்திகள் அனைத்தையும், எதை இட்டாலும் விழுங்கிவிட்டு எப்போதும் வெறுமையாகவே இருக்கும் /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆக, ஸ்கிரிப்ட் இத்தனை மாதமாக என்ன முனகியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. அந்தத் திருப்பலை எடுத்துவிட்டு, செய்திகள் ஒரு பதிவுக்கோப்பில் சேரும்படி மாற்றினேன். பிறகு மழைக் கோப்புறைகளை முழுமையாக நகலெடுத்து, நகலின் மேல்தான் வேலையைத் தொடங்கினேன். கோப்புகளை நகர்த்துகிற, பெயர் மாற்றுகிற லூப்புகளை (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுகளை) அசல் தரவின் மேல் வைத்துச் சோதித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லூப் கோளாறு என்று யார் சொன்னாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். லூப்பின் உடலில் இருக்கும் கட்டளைகளையெல்லாம் குறிப்பாக்கி அணைத்துவிட்டு, லூப்புக்குள் என்ன வந்து விழுகிறது என்பதை மட்டும் பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளை கொண்டு, இருபுறமும் < > அடைப்பு வைத்து, வரிக்கு ஒன்றாக அச்சிடுகிறேன். ஷெல்லில் லூப்பை எழுதப் பயன்படும் ஃபார், வைல் ஆகிய அமைப்புகள் தம்மளவில் மிக எளியவை. அவை தவறாகச் சுற்றுவது அரிது. சுற்றுக்கு ஊட்டப்படும் சரக்கில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்: ஓர் இடைவெளி கூடுதலாக, ஒரு வரிமுடிவு குறைவாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு. அடைப்பு இல்லாமல் அச்சிட்டால் இவற்றில் ஒன்றும் தெரியாது. "பாஷ் -எக்ஸ்" என்று ஓட்டி ஒவ்வொரு கட்டளையையும் விரித்துப் பார்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் ஊர்களும் நாட்களும் பெருகிய லூப்பில் அது கக்கும் வரிகளுக்குள் தேடுவதே தனி வேலையாகிவிடும் என்பதால், அதை இரண்டாவதாகத்தான் எடுப்பேன்.

ஊத்தும் மொத்தமும் எளிதில் தீர்ந்தன. ஊர்ப்பட்டியல் கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுடிவுக் குறி இல்லை. அப்படிப்பட்ட வரியை, உள்ளீட்டை வரிவரியாக எடுக்கும் ரீட் கட்டளை படித்து மாறியில் வைத்துவிடும். ஆனால் கோப்பு முடிந்துவிட்டது என்ற பொருளில் தோல்விக் குறியைத் திருப்பித் தரும். வைல் அதைப் பார்த்து லூப்பை முடித்துவிடும். ஊத்து படிக்கப்பட்டு, மாறியில் அமர்ந்து, பயன்படாமலே போனது. வைல் நிபந்தனையில் ரீட்டுக்குப் பின் "அல்லது" என்று பொருள்படும் || போட்டு, மாறி வெறுமையாக இல்லையென்றால் இன்னும் ஒரு சுற்று சுற்று என்று சேர்த்தேன். அதே வரியில் ரீட்டுக்கு முன் ஐஎஃப்எஸ் என்பதை வெறுமையாக்கி, பின்னால் -ஆர் சேர்த்தேன்; முன்னது வரியின் முன்பின் இடைவெளிகளைக் காக்கும், பின்னது பின்சாய்வுக் கோடுகள் விழுங்கப்படுவதைத் தடுக்கும். மொத்தம் 0 ஆனதற்குக் காரணம் குழாய், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாகத் தரும் | குறி. கோப்பை அப்படியே வெளியிடும் கேட் கட்டளையின் வெளியீட்டைக் குழாய் வழியாக வைல் லூப்புக்கு அனுப்பியிருந்தார்கள். குழாயின் வலப்புறம் இருக்கும் லூப் பாஷில் ஒரு துணை ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனிப் பிரதியில் ஓடும். உள்ளே கூட்டிய மொத்தம் அந்தத் துணை ஷெல்லோடு மறைந்துவிடும். வெளியே இருக்கும் மாறி தொடக்கத்தில் வைத்த 0 ஆகவே நிற்கும். குழாயை எடுத்துவிட்டு, லூப்பை முடிக்கும் டன் என்பதற்குப் பின் < போட்டுக் கோப்பை நேராக ஊட்டினால் போதும். பாஷ் 4.2 முதல், குழாயின் கடைசிப் பகுதியைத் துணை ஷெல் இல்லாமல் ஓட்டும் லாஸ்ட்பைப் என்ற அமைப்பும் இருக்கிறது. அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் வேறொரு கணினிக்குப் போனால் மறுபடி இதே கதைதான் என்பதால் நான் தொடவில்லை.

சர்வருக்கு முதல் ஊர் மட்டும் போவது இவற்றைவிடச் சுவையானது. லூப்பின் உடலை அணைத்துவிட்டு அச்சிட்டால் எல்லா ஊர்களும் வரிசையாக வருகின்றன. உடலை உயிர்ப்பித்தால் அம்பாசமுத்திரத்தோடு முடிந்துவிடுகிறது. பிழைச்செய்தி இல்லை, வெளியேறும்போது தரும் நிலைக்குறியும் வெற்றியைக் காட்டும் 0. உள்ளீடு சரியாக இருந்தும் உடல் இருக்கும்போது மட்டும் லூப் நிற்கிறது என்றால், உடலில் இருக்கும் ஏதோவொன்று உள்ளீட்டைத் தின்கிறது என்று பொருள். உடலில் இருந்தது, தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளை ஓட்டும் எஸ்எஸ்எச். சர்வரில் அந்த ஊருக்குரிய கோப்புறையை உருவாக்க ஒரு எஸ்எஸ்எச் கட்டளை, பிறகு கோப்பை அனுப்ப இன்னொன்று.

லூப்புக்குள் ஓடும் ஒவ்வொரு கட்டளைக்கும், அதற்கென்று வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், லூப்பின் உள்ளீடே உள்ளீடாக அமையும். ரீட் முதல் வரியை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை உடலுக்குத் தருகிறது. எஸ்எஸ்எச், தொலைவிலிருக்கும் கட்டளைக்கு உள்ளீடு தேவைப்படலாம் என்ற எண்ணத்தில், தன் உள்ளீட்டில் மிச்சமிருக்கும் அத்தனை வரிகளையும் படித்து அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறது. தொலைவில் கோப்புறை உருவாக்கும் கட்டளைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவை அப்படியே வீணாகின்றன. அடுத்த சுற்றுக்கு ரீட் வரும்போது கோப்பு முடிந்திருக்கிறது. தலைமடைக்காரர் வாய்க்கால் தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்கே திருப்பிக்கொண்டால் கடைமடைக்கு என்ன கிடைக்குமோ, அதுதான் மற்ற ஊர்களுக்குக் கிடைத்தது.

இதற்கு வழக்கமான தீர்வு எஸ்எஸ்எச்சுக்கு உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் -என் கொடுப்பது, அல்லது அதன் உள்ளீட்டை /டெவ்/நல்லிலிருந்து எடுக்கச் சொல்வது. இரண்டும் வேலை செய்யும். ஆனால் நாளைக்கு இதே லூப்பில் வேறொருவர் உள்ளீட்டைத் தின்னும் இன்னொரு கட்டளையைச் சேர்த்தால் மறுபடி மடை அடைபடும். ஒலி, ஒளிக் கோப்புகளை மாற்றப் பயன்படும் எஃப்எஃப்எம்பெக் இதே குணமுடையது, அதற்கு -நோஎஸ்டிடிஇன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆகவே ஊர்ப்பட்டியலை வழக்கமான உள்ளீட்டின் வழியாக அனுப்பாமல், 3 என்ற தனி எண்ணில் திறந்து (டன் என்பதற்குப் பின் 3< போட்டு), ரீட்டை -யு 3 என்று அந்த எண்ணிலிருந்து படிக்கச் சொன்னேன். எஸ்எஸ்எச் தன் உள்ளீட்டை எவ்வளவு தின்றாலும் இனி பட்டியலுக்குச் சேதமில்லை. -என் குறியையும் சேர்த்தே வைத்தேன்.

அடுத்தது சாரல் கணக்கு. பிழைச்செய்திகளைப் பதிவுக்கோப்பில் சேர்க்கத் தொடங்கியதுமே இதற்கான தடயம் வந்துவிட்டது: "08" என்ற எண் அடிமானத்துக்கு மீறியது என்ற பொருளில் ஒரு செய்தி. மழைக்கோப்பில் 08 என்று யாரும் எழுதியிருக்கவில்லை, இருந்தது 0.8. பாஷுக்கு முழுவெண் கணக்கு மட்டுமே தெரியும் என்பதால், எழுதியவர் புள்ளியை நீக்கிவிட்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு கூட்டி, கடைசியில் புள்ளியைத் திரும்ப இட்டிருக்கிறார். எண்ணம் கெட்டிக்காரத்தனமானதுதான். 12.4 என்பது 124 ஆகும், 0.8 என்பது 08 ஆகும். சுழியத்தில் தொடங்கும் எண்ணை பாஷ் எண்மமாக, அதாவது எட்டின் அடிமானத்தில் படிக்கும். அந்த அடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 0.7 மில்லிமீட்டர் பெய்த நாள் 07 ஆகி, தற்செயலாகச் சரியான மதிப்பையே தரும், 0.8 பெய்த நாளில் கூட்டல் முறிந்து, அந்த லூப் அங்கேயே கைவிடப்பட்டு, மாதத்தின் மீதி நாட்கள் கணக்கில் சேராமல் போகும்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நாள் மழைநாளாகவே கொள்ளப்படுவதில்லை. 0.8 என்பது முற்றத்துச் சிமெண்டு நனைந்து காய்கிற அளவு. அந்தச் சிறு தூற்றல் விழுந்த நாளுக்குப் பிறகு வந்த கனமழையெல்லாம் கணக்கிலிருந்து விழுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய எண்களாகவே வருவதால் கோளாறு குறைவாகவும், ஆனி, ஆடிச் சாரலில் மிகுதியாகவும் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

இதைவிட மோசமானது பிழைச்செய்தியே தராமல் நடந்தது. ஒருவர் எண்களை அழகாக ஒரே அகலத்தில் எழுத விரும்பி, 7.5 என்பதை 07.5 என்று இட்டு வந்திருக்கிறார். புள்ளி போனால் 075. எட்டின் அடிமானத்தில் அதன் மதிப்பு ஏழெட்டு ஐம்பத்தாறும் ஐந்தும், ஆக 61. பட்டியலில் அந்த நாளின் மழை 6.1 என்று வந்திருக்கிறது. 01.2 என்பது 1.0 ஆகியிருக்கிறது. இவை நம்பத்தகுந்த எண்களாக இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. நோட்டை வைத்து நாள்நாளாக ஒப்பிட்டபோதுதான் அகப்பட்டன. கணக்கிடும் இடத்தில் மாறிக்கு முன் 10# என்று சேர்த்தால், முன்னால் எத்தனை சுழியம் இருந்தாலும் பத்தின் அடிமானத்திலேயே பாஷ் படிக்கும். முழுவதும் நானே எழுதியிருந்தால் கூட்டலை ஆக் நிரலிடம் விட்டிருப்பேன். அதற்குத் தசமம் தெரியும், இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. வேறொருவர் எழுதியதைப் பழுதுபார்க்கும்போது, அவருடைய கட்டுமானத்தை முடிந்தவரை விட்டுவைப்பதே முறை என்று 10# உடன் நிறுத்திக்கொண்டேன்.

அங்கே அடைப்பு அச்சு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. எல்லா ஊர்களின் எண்களும் <124> என்ற வடிவில் வர, களக்காட்டின் எண்கள் மட்டும் >124 என்று வந்தன. முன் அடைப்பைக் காணோம். பின் அடைப்பு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. களக்காட்டுக் கோப்புகள் விண்டோஸ் நோட்பேடில் எழுதப்பட்டவை. வரிமுடிவில் கூடுதலாக ஒரு "வரித்தொடக்கத்துக்குத் திரும்பு" குறி இருக்கும். எண்ணுக்குப் பின் அந்தக் குறி வந்ததும் திரையின் சுட்டி வரியின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. அடுத்து அச்சாகும் > அங்கே இருந்த < குறியை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. மழைக்கோப்பைப் படிக்கும் இடத்தில் டிஆர் கட்டளையால் அந்தக் குறியை நீக்கினேன்.

மாஞ்சோலைக்கு இவற்றுக்குப் பிறகுதான் வந்தேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் மாஞ்சோலையும் பாளையங்கோட்டையும் சுழியமாகவே நின்றன. கொடுமுடியாறு அணைப்பகுதிக்கு மாதத்தின் பின்பாதி நாட்கள் மட்டும் வந்தன. குழு இயங்குவதே பாளையங்கோட்டையில்தான். சொந்த ஊர்க் கணக்கே விழுந்துகிடந்ததை, மாடியில் மழைமானி பார்ப்பவர் ஒழுங்காக எழுதுவதில்லை என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தார்.

ஸ்கிரிப்ட் செய்வது எளிது. பட்டியலிலிருந்து ஊரின் பெயரை எடுக்கும். அந்தப் பெயரில் கோப்புறை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உள்ளே போகும், இல்லையென்றால் 0 என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். மாஞ்சோலை என்ற கோப்புறை கண்ணெதிரே இருக்கிறது. எல்எஸ் கட்டளை அதைக் காட்டுகிறது. அடைப்பு அச்சும் <மாஞ்சோலை> என்றே வருகிறது. இடைவெளி இல்லை, வரிமுடிவுக் கோளாறு இல்லை. ஆனாலும் ஷெல் அப்படி ஒரு கோப்புறை இல்லை என்கிறது. அனுமதிகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. பெயரின் நீளமோ என்றால், மூலைக்கரைப்பட்டி ஒழுங்காக வருகிறது. டெர்மினலில் பெயரை முழுமையாகத் தட்டி உள்ளே போக முயன்றால் கோப்புறை இல்லை என்ற செய்தி. "மாஞ்" என்பதோடு நிறுத்தி டேப் விசையை அழுத்தி ஷெல்லையே நிரப்பவிட்டால் உள்ளே போய்விடுகிறது. இரண்டு வரிகளும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்து வேறுபாடு எதுவுமின்றி நிற்கின்றன.

வருகிற ஊர்களையும் வராத ஊர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. வருபவை: அம்பாசமுத்திரம், பாபநாசம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம், காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. முழுதாக வராதவை: மாஞ்சோலை, பாளையங்கோட்டை, கொடுமுடியாறு. வராத மூன்றிலும் ஒகர, ஓகார உயிர்மெய் இருக்கிறது: சோ, கோ, கொ. வருகிற ஒன்றிலும் அது இல்லை.

ஒகர, ஓகாரக் குறிகள் மெய்க்கு இருபுறமும் நிற்பவை. இடப்புறம் கொம்பு, வலப்புறம் துணைக்கால். எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் இவற்றை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியாக ஓர் இடத்தில் வைக்கலாம்; அல்லது கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமையும் ஷெல்லும் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை. அவற்றுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ஒற்றைக்குறியாக எழுதிய மாஞ்சோலைக்கு 8 குறிகள், 24 பைட்டு; பிரித்து எழுதியதற்கு 9 குறிகள், 27 பைட்டு.

ஊகத்தை உறுதிசெய்ய ஓடி -பி கட்டளைக்கு இரண்டு பெயர்களையும் ஊட்டினேன். அது பைட்டுகளை எண்மத்தில் அச்சிடும். பட்டியலில் இருந்த பெயரில், சகரத்துக்குரிய 340 256 232 என்பதற்குப் பின் 340 257 213 என்று ஒரே குறி. கோப்புறையின் பெயரில் அதே இடத்தில் 340 257 207, அதையடுத்து 340 256 276. அதாவது இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. பட்டியல் தட்டப்பட்டது லினக்ஸில், தமிழ்99 விசைப்பலகையில். அது ஒற்றைக்குறியை இடுகிறது. கோப்புறைகள் உருவானது குழுவில் ஒருவரின் பழைய மேக் கணினியில். அதன் பழைய வட்டு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களில் இத்தகைய குறிகளைத் தானாகவே பிரித்துத்தான் சேமிக்கும். ஆப்பிள் 2017 முதல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய வட்டிலிருந்து நகலெடுத்துக்கொண்டு வந்த பெயர்களோ பிரிந்தபடியேதான் வரும்.

ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் புழங்குபவர்களுக்கு இந்தக் கோளாறு வாய்க்காது. ஷெல் லூப் பற்றிய வழிகாட்டிகளில் இது அரிதாகவே பேசப்படுவது அதனால்தான். நமக்கு இது அன்றாடம். கோவில்பட்டி, கோவை, தோவாளை, சொக்கம்பட்டி என்று தமிழ்ப் பெயரில் கோப்பு வைத்திருக்கும் எவருக்கும் இது நேரலாம். ஸ்கிரிப்டுகளில் வழக்கமாகக் காணும் பிழைகளைச் சுட்டிக்காட்டும் ஷெல்செக் என்ற கருவியால் எஸ்எஸ்எச் உள்ளீட்டைத் தின்பதையும், குழாய்க்குள் மாறி தொலைவதையும் சொல்ல முடியும். இதைச் சொல்ல முடியாது. அது ஸ்கிரிப்டைப் படிக்கிறது, தரவைப் படிப்பதில்லை. 0.8 கோளாறையும் அதே காரணத்தால் அதனால் கண்டுபிடிக்க முடியாது.

கோப்புறைகளின் பெயரை மாற்ற கன்வ்எம்வி என்ற கருவியைப் பயன்படுத்தினேன். எந்தக் குறிமுறையிலிருந்து எதற்கு என்பதில் இரண்டுக்கும் யூடிஎஃப்-8 கொடுத்து, --என்எஃப்சி என்று சொன்னால், பிரிந்த குறிகளை ஒற்றைக்குறியாக்கிப் பெயர் மாற்றும். --நோடெஸ்ட் என்று சேர்க்காதவரை என்ன செய்யப்போகிறது என்று சொல்லுமேயொழிய எதையும் மாற்றாது என்பது அதன் நல்ல குணம். அப்படி வெள்ளோட்டம் பார்த்தபோதுதான் கொடுமுடியாற்றின் புதிர் அவிழ்ந்தது. அந்தப் பெயரில் ஒற்றைக்குறிக் கோப்புறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. கன்வ்எம்வி மேலெழுத மறுத்துத் தாண்டிப்போனது. யாரோ மாதத்தின் நடுவில் லினக்ஸ் கணினியில் புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்குப் பிந்தைய நாட்களை அதில் இட்டுவந்திருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், பட்டியலில் இரட்டிப்பாகத் தெரிவதாக நினைத்து விட்டுவிட்டார்கள் போலும். இரண்டிலும் ஒரே தேதிக் கோப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒன்றாக்கினேன். இனிமேல் வரும் பெயர்களுக்காக, பட்டியலைப் படிக்கும் முன் யூகான்வ் என்ற கருவி வழியாக அனுப்பி ஒற்றைக்குறியாக்கும் வரி ஒன்றையும் சேர்த்தேன்.

கோப்புறை இல்லாத ஊருக்கு 0 எழுதும் பகுதியை முற்றாக நீக்கினேன். இந்த ஸ்கிரிப்டில் இருந்த கோளாறுகளிலேயே மோசமானது அதுதான் என்பது என் கருத்து. மழைக் கணக்கில் 0 என்பது அளந்து பார்த்து, மழை இல்லை என்று கண்டது. அளவு கிடைக்காத நாளுக்கு இடத்தை வெறுமையாக விட வேண்டும். இப்போது லூப் தொடங்குவதற்கு முன்பே பட்டியலை ஒருமுறை ஓட்டி, கோப்புறை இல்லாத ஊர்களின் பெயர்களைப் பிழைச்செய்தியாக எழுதிவிட்டு, ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

மின்விசிறி இரைச்சலுக்குக் காரணம், ஸ்கிரிப்ட் ஓடும் பயனரின் வீட்டுக் கோப்புறையில் "0" என்ற பெயரில் கிடந்த வெற்றுக் கோப்பு ஒன்றிலிருந்து தெரிந்தது. இணைப்பு இல்லையென்றால் சில முறை முயலச் சொல்லும் வைல் லூப்பில், மீதமுள்ள முயற்சிகள் 0 ஐவிடப் பெரிதா என்று பார்க்க, ஒற்றைச் சதுர அடைப்புக்குள் > குறியை இட்டிருந்தார்கள். அங்கே அது ஒப்பீடு ஆகாது. வெளியீட்டை "0" என்ற கோப்புக்குத் திருப்பும் கட்டளையாகிவிடும். மிச்சம் நிற்பது மாறி வெறுமையாக இல்லையா என்ற கேள்வி மட்டும். −500 ஆனாலும் அது வெறுமை அல்ல, ஆகவே நிபந்தனை எப்போதும் மெய். இணையம் அறுந்த நாட்களில் அந்த லூப் ஓயாமல் சுற்றியது. மறுநாள் கிரான் இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் ஒரே ஸ்கிரிப்ட் பல பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. > இருந்த இடத்தில் "பெரிது" என்று பொருள்படும் -ஜிடி போட்டு, முயற்சிகளுக்கு நடுவே காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் வைத்து, ஒரு பிரதி ஓடும்போது மற்றொன்று தொடங்காதபடி எஃப்லாக் பூட்டும் போட்டேன்.

எல்லாம் கையால் ஓட்டும்போது சரியாக இருந்து, கிரானில் ஓடும்போது 10# இருக்கும் வரியில் கணக்குப் பிழை என்று வந்தது. பூட்டுக்காக அட்டவணை வரியை மாற்றியபோது ஸ்கிரிப்டின் பெயருக்கு முன் எஸ்எச் என்று நானே இட்டிருந்தேன். அப்படி அழைத்தால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பது கணக்கிலேயே வராது. உபுண்டுவில் 2006 இல் வந்த 6.10 பதிப்பு முதல் எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறொரு சிறிய ஷெல். அதற்கு 10# உம் தெரியாது, ரீட்டின் -யு உம் தெரியாது. அட்டவணையில் எஸ்எச் என்பதை பாஷ் ஆக்கியதும் தீர்ந்தது.

பழைய மாதங்களின் பட்டியல்களை மறுபடி உருவாக்கி, அண்ணாச்சி நோட்டோடு ஒப்பிட்டு ஒப்புதல் சொன்ன பிறகே சர்வரில் இருந்தவற்றை மாற்றினோம். ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் "சோதனை" என்று ஒரு கோப்புறையும் வைத்திருக்கிறேன்; அந்தப் பெயரிலும் ஒரு சோ இருப்பது தற்செயல். அதில் 0.8, 0.9, 07.5 என்று மழையளவுகள், விண்டோஸ் வரிமுடிவுள்ள ஒரு நாள், கோப்பே இல்லாத ஒரு நாள், வரிமுடிவு இல்லாமல் முடியும் ஊர்ப்பட்டியல், பிரிந்த குறியோடு பெயரிட்ட ஓர் ஊர் ஆகியவற்றை இட்டு, வரவேண்டிய மொத்தத்தைக் கையால் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதியிருக்கிறேன். ஸ்கிரிப்டில் யார் கைவைத்தாலும் முதலில் இந்தக் கோப்புறையின் மேல் ஓட்டி, டிஃப் கட்டளையால் அந்த மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கிரானில் ஏற்ற வேண்டும் என்று ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் குறிப்பும் இட்டிருக்கிறேன்.